மறுமொழி: ‘ஸ்கின்’ – உருமாற்றமா, அணியா, ஒப்பனையா?

அன்புள்ள குழுவினருக்கு,

வெள்ளிக்கிழமைக்குள் ஆட்டத்தின் மொழிபெயர்ப்புக் கோப்பை ஒப்படைத்தாக வேண்டும். பெரும்பாலான வரிகள் முடிந்துவிட்டன. மிச்சமெல்லாம் ‘ஸ்கின்’ என்ற ஒரு சொல்லுக்காகக் காத்து நிற்கின்றன. பாத்திரத்தின் வலிமையைத் தொடாமல் தோற்றத்தை மட்டும் மாற்றும் வசதி அது; அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே நம் கேள்வி. நண்பர் ஒருவர் தந்த ‘தோற்றத் தனிப்பயனாக்கல் தெரிவுகள்’ என்பதைப் பொத்தானில் இட்டுப் பார்த்தேன். ‘தோற்றத் தனிப்ப’ வரை தெரிந்தது. மீதி விளிம்போடு அறுந்துபோனது.

குழுவிலுள்ள பேராசிரியர் ஐயா ‘உருமாற்றம்’ என்கிறார். என்னால் உடன்பட முடியவில்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற கணினி ஆட்டத்தில் ட்ரூயிட்கள் என்னும் பாத்திரங்கள் கரடியாக மாறுவார்கள். கரடியானதும் அடி தாங்கும் வலு கூடுகிறது. கையாளும் திறன்களே வேறாகிவிடுகின்றன. அதுதான் உருமாற்றம். அந்தக் கரடி கறுப்பா பழுப்பா என்பது வேறு சங்கதி. 2009இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, இரவு எல்ஃப் இனத்து ட்ரூயிடின் தலைமுடி நிறத்தை வைத்தே கரடியின் நிறம் அமைந்தது. நிறம் மாறியதால் வலிமை இம்மியளவும் ஏறவில்லை. 2013இல் வார்லாக் என்னும் மந்திரவாதிப் பாத்திரங்களுக்கு மட்டும் கிடைத்த பச்சைத் தீயும் அப்படித்தான்: பழைய தீ எவ்வளவு சுட்டதோ அவ்வளவே சுடும். வலு மாறுவதற்கும் தோற்றம் மட்டும் மாறுவதற்கும் ஒரே சொல்லை வைத்தால், புதிதாக ஆட வரும் சிறுவன் அழகுக்கு வாங்கிய அங்கி தன்னைக் காக்கும் என்று நம்பிப் போருக்குப் போவான்.

2011இல் அதே ஆட்டத்தில் வந்த டிரான்ஸ்மாக்கும் பெயரளவில்தான் உருமாற்றம். வலுவான கவசத்தின் பயனை வைத்துக்கொண்டு, பார்வைக்கு வேறொரு கவசத்தின் தோற்றத்தைப் போர்த்துவதே அதன் வேலை. ஆங்கிலப் பெயரில் உள்ள குழப்பத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

குழுவில் அம்மா ஒருவர் சொன்ன ‘அணி’ மனத்தைத் தொட்டது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி பதினோராடலையும் ‘அவரவர் அணியுடன்’ ஆடுகிறாள். ஆடலுக்கு ஆடல் கோலம் வேறு, ஆடுபவள் ஒருத்தி. இதைவிடப் பொருத்தமான முன்னோடி கிடையாது. ஆனால் ஆட்டக்காரர்களுக்கு அணி என்றால் சேர்ந்து போரிடும் குழு. ‘அணியை மாற்று’ என்று பொத்தானில் எழுதினால் தோழர்களை விட்டு விலகுவதாகவே படிப்பார்கள். ‘கோலம்’ என்றாலோ ‘இதென்ன கோலம்’ என்ற அதட்டல்தான் முதலில் காதில் விழுகிறது.

எனக்குப் ‘புனைவு’ மேல்தான் ஆசை. நெடுநல்வாடை அரசியைப் ‘புனையா ஓவியம்’ போன்றவள் என்கிறது. வண்ணம் தீட்டாத கோட்டுச் சித்திரம். ஆட்டத்தில் புதிதாகப் பிறக்கும் பாத்திரமும் அச்சு அசல் அதுவே. மூன்று இரவுகள் இந்தச் சொல்லை விட மனம் வரவில்லை. ஆனால் இன்று புனைவு என்றால் கதை. விட்டுவிட்டேன்.

எனவே ‘ஒப்பனை’. நடிகரின் முகம் மாறுகிறது, ஆள் மாறுவதில்லை. பொத்தானில் வர வேண்டியது ‘கிளாஸ் ஸ்கின்’. கிளாஸ் என்பது ட்ரூயிட், வார்லாக் போன்ற பாத்திர வகை. அதற்கு ‘வகுப்பு’ வேண்டவே வேண்டாம். பள்ளிக்கூடமும் சாதிச் சான்றிதழும் கூடவே வந்துவிடும். ‘துறை’ போதும். ‘துறை ஒப்பனை’ பொத்தானில் அடங்குகிறது.

*

குழுவில் ஒருவரின் மறுமொழி: ஒப்பனை என்றால் முகப்பூச்சு. வாளுக்கு யார் ஒப்பனை செய்வார்கள்? ஆடுகிறவர்கள் எல்லோரும் ஸ்கின் என்கிறார்கள். பஸ் என்று எழுதும் கையால் ஸ்கின் என்றும் எழுதலாம்.

*

என் பதில்: தேருக்கு ஒப்பனை செய்ததாகச் சொன்னால் யாருக்கும் உறுத்தாது, வாளுக்கும் உறுத்தாது. குழுவில் நால்வர் ஒப்பனைக்கு இசைந்திருக்கிறார்கள், இருவர் ஸ்கின் பக்கம். நாள் நெருங்கிவிட்டதால் ‘துறை ஒப்பனை’ என்று இட்டு அனுப்பிவிட்டேன்.

*

பேராசிரியர் ஐயாவின் மறுமொழி: அனுப்பியது இருக்கட்டும். உரியியலில் கறுப்பும் சிவப்பும் வெகுளியைக் குறிக்கும் என்ற தொல்காப்பியர், அடுத்தே ‘நிறத்துரு உணர்த்தற்கும் உரிய’ என்கிறார். நிறமும் உருவே ஆகும்போது, தீ பச்சையானால் அது உருமாற்றம்தான். அடுத்த பதிப்பிலாவது திருத்துங்கள்.