புதுப்பிப்பு: கணிப்பீட்டுப் பொறியியல் முதுமாணிக்கு விண்ணப்பித்துவிட்டேன்

பௌதிகம் படித்த எனக்குத் தகவல் மற்றும் கணிப்பீட்டுப் பொறியியல் முதுமாணி சரிவருமா, என் கணிதம் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். வெப்பச் சமன்பாட்டுக்கு (ஒரு பொருளில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று சொல்வது) நீயே கோட் எழுதிப் பார் என்று ஒரு அண்ணா சொன்னார், அதுதான் உண்மையிலேயே உதவியது.

உப்புவெளி வீட்டு விறாந்தையில் இருந்து, ஒரு கம்பியைப் புள்ளிகளாகப் பிரித்து அதில் வெப்பம் பரவுவதைப் பைத்தனில் ஓடவிட்டேன். முதலில் சரி. துல்லியம் கூடட்டும் என்று புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைப் பாதியாக்கினதும், கம்பியின் வெப்பநிலை மேலும் கீழுமாகத் துள்ளி கோடிக்கணக்கில் போய்விட்டது. நான் எழுதிய கோட்டில் பிழையே இல்லை. நான் பயன்படுத்திய வெளிப்படை முறையில் (இப்போதைய வெப்பநிலைகளில் இருந்தே அடுத்த கணத்தினதை நேரடியாகக் கணிப்பது), வெப்பப் பரவல் குணகத்தை நேரப்படியால் (ஒரு கணிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையிலான நேரம்) பெருக்கி இடைவெளியின் வர்க்கத்தால் வகுத்தால் 0.5 ஐத் தாண்டக்கூடாதாம், அதாவது இடைவெளி பாதியானால் நேரப்படி கால்வாசியாக வேண்டும்.

அப்புறம் 1000க்கு 1000 புள்ளி வைத்த தட்டு. எந்தப் புள்ளி எதோடு தொடர்புபடுகிறது என்று காட்டும் தாயத்தை (matrix, எண்களின் அட்டவணை) முழுதாகச் சேமித்தால் 8 டெராபைட், ஆனால் ஒரு வரிசையில் பூச்சியமல்லாதவை அதிகபட்சம் 5 தான், அவற்றை மட்டும் வைத்தால் என் பழைய லேப்டாப்பே தாங்குகிறது. இதைக் கண்ட அன்றுதான் இந்தத் துறைதான் வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

விண்ணப்பம் போன கிழமை அனுப்பியாச்சு. இப்போது சி பிளஸ் பிளஸ் படிக்கிறேன்.