மனநலக் கவுன்சலிங் போனவர்கள், உள்ளே என்ன நடந்தது?

இரண்டாம் ஆண்டு மாணவி:
நாலு மாதமாகியும் அந்தத் தாள் கண்ணை விட்டுப் போகவில்லை. போனதும் நிரப்பச் சொல்வார்களே, பிஎச்க்யூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாள், 'கடந்த 2 வாரங்களில்' என்று தொடங்குமே, அதுதான். எட்டுக் கேள்விக்கும் மளமளவென்று 2, 3 என்று வட்டம் போட்டேன். ஒன்பதாவது, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பது. 0, அதாவது தோன்றவே இல்லை என்று போட்டேன். பொய். ஆலோசகர் மதிப்பெண்ணைக் கூட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இந்த ஒரு வட்டம் மட்டும் தாள் கிழியற மாதிரி அழுந்தியிருக்கேம்மா" என்றார். அழுதுவிட்டேன். அவர் சமாதானம் சொல்லாமல் காத்திருந்தார். அப்புறம் சாக வேண்டும் என்று நினைத்தாயா என்று நேராகவே கேட்டார். பயப்படவில்லை, மூச்சு வந்த மாதிரி இருந்தது. இரவில் அந்த எண்ணம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று இருவரும் சேர்ந்து எழுதினோம்.

முதுகலை மாணவர்:
உங்களுக்கு நல்லவர் வாய்த்தார். எனக்கு 50 நிமிடத்தில் 40 நிமிடம் படிவத்திலேயே போயிற்று. தூக்கம் எப்படி, பசி எப்படி, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா. அப்பா இறந்ததைச் சொல்ல வாயெடுத்தேன், அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த தடவை பேசலாம்." அடுத்த தடவை என்பது மூன்று வாரம் கழித்து, தேர்வு நேரக் கூட்டமாம். நான் போகவில்லை. இங்கே சொன்னால் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்றும் நண்பர்கள் பயமுறுத்தினார்கள்.

படிப்பை முடித்தவர்:
தம்பி, ஒரு தடவையிலேயே விட்டது தவறு. நானும் முதல் நாள் வாயே திறக்கவில்லை, மூன்றாவது தடவைதான் பேச்சு வந்தது. முதல் சந்திப்பு பெரும்பாலும் விவரம் சேகரிக்கத்தான். அடுத்த முறை, சொல்ல வேண்டியதை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் போனதும் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குத் தெரியும் என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். உங்கள் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்பதுதான் அவர்கள் தொழில் நெறி. உயிருக்கு ஆபத்து, குழந்தைகளுக்குக் கொடுமை, நீதிமன்ற உத்தரவு, இப்படிச் சில நிலைமைகள் விதிவிலக்கு. எதை யாரிடம் சொல்வீர்கள் என்று முதலிலேயே கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. பல இடங்களில் ஒருவருக்கு இத்தனை சந்திப்பு என்று கணக்கு உண்டு, அதையும் கேளுங்கள். மாத்திரை தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள், அதற்காகப் பயந்து நின்றுவிட வேண்டாம். ஒத்துவரவில்லையா, வேறு ஆலோசகரைக் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முனைவர் பட்ட மாணவி:
அண்ணா, கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நான் ஆளை மாற்றிக் கேட்டபோது, வரவேற்பில் இருந்தவர் அத்தனை பேர் முன்னால் "என்ன பிரச்சினை?" என்று உரக்கக் கேட்டார். காது சுட்டது. மாற்றிக் கொடுத்தார்கள், புதியவரிடம் ஒரு வருடம் போனேன், அது வேறு. ஆனால் அந்த மேசை முன்னால் நின்றது இன்னும் உறுத்துகிறது. அவர் அப்பாவை இழந்துவிட்டு வந்திருக்கிறார், நீங்கள் தவறு என்று தொடங்குகிறீர்கள். மூன்று வாரம் காத்திரு என்றவர்கள் மேல் தவறில்லையா?

முதுகலை மாணவரே, அன்றைக்கு அவரிடம் சொல்ல வந்ததை முடிந்தால் இங்கே எழுதுங்கள். எவ்வளவு நீளமானாலும் படிக்கிறேன்.