ஆக்கிரமித்த படை ஒருவரைக் கைது செய்யாமல் குறிவைத்துக் கொல்லலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

இளவேனில் எழுதியது:

ஒரு பகுதி முழுக்க வேற்று நாட்டுப் படையின் பிடியில் இருக்கிறது. சாலைக்குச் சாலை சோதனைச் சாவடி, யார் எந்த ஊருக்குப் போகலாம் என்பதுகூட அவர்கள் முடிவு. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் பெயரைப் பட்டியலில் எழுதிவைத்து, அவர் காரில் போகும்போது ஏவுகணையால் அடிக்கிறார்கள், பக்கத்தில் நின்றவர்களும் சாகிறார்கள். மறுநாள் செய்தியில் 'பயங்கரவாதி கொல்லப்பட்டார்' என்று ஒரு வரி, அதோடு முடிந்தது.

இதைப் பற்றிப் பேசினால் இரண்டு பதில்தான் கிடைக்கிறது. 'போர் என்றால் போர், எதிரியை எப்போது வேண்டுமானாலும் சுடலாம்' என்பது ஒன்று. 'இது விசாரணை இல்லாத மரண தண்டனை, அப்பட்டமான கொலை' என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் மனதுக்குச் சரியாகப் படுகிறது, ஆனால் மனதுக்குப் படுவதை வைத்துக்கொண்டு யாரிடமும் வாதாட முடியவில்லை. சர்வதேசச் சட்டம் உண்மையில் எந்தப் பக்கம்? அவர் போராளிதான் என்று யார் முடிவு செய்வது? பக்கத்தில் இருந்து இறந்தவர்களுக்கு யார் பொறுப்பு? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள், நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

தேன்மொழி எழுதியது:

இளவேனில், அந்த இரண்டு பதிலிலும் ஒரு விஷயம் விடுபட்டுப் போகிறது. ஆக்கிரமித்த படைக்கு இரண்டு வேலை. சண்டை நடந்தால் அது போரிடும் தரப்பு. அதே சமயம் அந்த மண்ணை ஆள்வதும் அதுதான். போர் நடத்தும் முறை பற்றிய 1907 ஹேக் விதிமுறைகளின் 43ஆம் பிரிவு, ஆக்கிரமித்த பகுதியில் பொது ஒழுங்கையும் மக்களின் பாதுகாப்பையும் காப்பது அந்தப் படையின் கடமை என்கிறது. ஆள்பவனுக்கு முதலில் கையில் எடுக்க வேண்டியது போலீஸ் வேலை, குண்டு இல்லை.

அப்புறம் 1949 நான்காம் ஜெனீவா ஒப்பந்தம். எதிரியின் கையில் அகப்பட்ட பொதுமக்களைக் காப்பதற்காகவே எழுதப்பட்டது. 27ஆம் பிரிவு எல்லா நேரத்திலும் மனிதத்தன்மையோடு நடத்தச் சொல்கிறது, 32ஆம் பிரிவு கொலையை நேரடியாகத் தடை செய்கிறது, 147ஆம் பிரிவு வேண்டுமென்றே கொல்வதைக் கடும் மீறல்களில் முதலாவதாக வைக்கிறது. ஒருவரால் பாதுகாப்புக்கு ஆபத்து என்று தோன்றினால் என்ன செய்யலாம் என்பதையும் அதே ஒப்பந்தம் சொல்லித்தான் வைத்திருக்கிறது. கைது செய்யலாம், நீதிமன்றத்தில் நிறுத்தலாம், 78ஆம் பிரிவின்படி தடுப்புக் காவலில் வைக்கலாம். கையைக் கட்டிப்போட்டுவிட்டது என்று யாரும் புலம்ப முடியாது.

பலர் கவனிக்காத ஒரு பிரிவு இருக்கிறது, எனக்கு இந்த விவாதம் முழுவதிலும் அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆக்கிரமித்த நாடு ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கலாமா? 68ஆம் பிரிவின்படி விதிக்கலாம், ஆனால் உளவு, படைத்தளங்களைக் கடுமையாகச் சேதப்படுத்துவது, உயிரிழப்பை உண்டாக்கிய வேண்டுமென்றே செய்த குற்றம் ஆகியவற்றுக்கு மட்டும், அதுவும் ஆக்கிரமிப்புக்கு முன்பிருந்த அந்த மண்ணின் சட்டத்திலேயே அதற்கு மரண தண்டனை இருந்திருந்தால் மட்டும். குற்றம் நடந்தபோது 18 வயது நிறையாதவருக்குக் கூடாது. கருணை மனு கொடுக்கும் உரிமையைப் பறிக்கக் கூடாது. தீர்ப்பு வந்த பிறகும், அவர் நலனைக் கவனிக்கும் மூன்றாம் நாட்டுக்குத் தகவல் போய்ச் சேர்ந்து குறைந்தது ஆறு மாதம் கழியாமல் தண்டனையை நிறைவேற்றக் கூடாது என்கிறது 75ஆம் பிரிவு. கடுமையான நெருக்கடியில் மட்டும் அந்தக் கெடுவைக் குறைக்கலாம், அப்போதும் எதிர்த்து முறையிட வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும். குற்றம் நிரூபணமானவருக்கே இவ்வளவு வேலி போட்ட சட்டம், எதுவும் நிரூபிக்கப்படாதவரைக் காரோடு எரிப்பதற்கு மட்டும் சும்மா கதவைத் திறந்துவிட்டிருக்குமா?

கதிரவன் எழுதியது:

தேன்மொழி சொன்ன பிரிவுகள் எல்லாம் சரி. ஆனால் பாதிப் படம்தான் காட்டியிருக்கிறீர்கள். பொதுமகனுக்கு உள்ள பாதுகாப்பு நிபந்தனை இல்லாதது கிடையாது. ஜெனீவா ஒப்பந்தங்களோடு சேர்த்த 1977 முதலாம் கூடுதல் நெறிமுறையின் 51ஆம் பிரிவு, சண்டையில் நேரடியாகப் பங்கெடுக்கும் நேரத்தில் அந்தப் பாதுகாப்பு போய்விடும் என்று தெளிவாகச் சொல்கிறது. இஸ்ரேலும் அமெரிக்காவும் அந்த நெறிமுறையில் சேரவில்லை, ஆனாலும் இந்த விதி வழக்காற்றுச் சட்டம், அதாவது நாடுகளின் நடைமுறையால் எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட சட்டம் என்பதால் கட்டுப்படுத்தும் என்று இஸ்ரேல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியிலும் ஆயுதம் தாங்கிய குழுக்கள் சண்டை போட்டால் அங்கே போர்ச் சட்டம்தான் நடக்கும். ராக்கெட் விடக் கிளம்பியவனிடம் போய்க் கைது உத்தரவை நீட்ட முடியாது.

இன்னொன்றும் யோசியுங்கள். நெருக்கமான அகதி முகாமுக்குள் ஒருவரைப் பிடிக்கக் கவச வண்டிகளோடு நூறு பேர் இறங்கினால் என்ன ஆகும்? துப்பாக்கிச் சண்டை மணிக்கணக்கில் நடக்கும், வீடுகள் இடியும், கடைசியில் ஒரு ஏவுகணையால் சாவதைவிட அதிகம் பேர் சாகலாம். கைதுதான் எப்போதும் உயிரைக் காக்கும் வழி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

தேன்மொழி எழுதியது:

கதிரவன், நீங்கள் குறிப்பிட்ட நீதிமன்றமே இந்த இரண்டாவது வாதத்தையும் எடுத்துப் பார்த்திருக்கிறது, அதனால் அந்தத் தீர்ப்பையே பார்ப்போம். சித்திரவதைக்கு எதிரான இஸ்ரேல் பொதுக் குழுவும் ஒரு பாலஸ்தீன மனித உரிமை அமைப்பும் குறிவைத்துக் கொல்வதை எதிர்த்து 2002இல் போட்ட வழக்கு, 2006 டிசம்பரில் தீர்ப்பு, எழுதியவர் அந்த நீதிமன்றத்தின் தலைவராக இருந்த அஹரோன் பராக். அரசு தரப்பு 'சட்டவிரோதப் போராளி' என்று மூன்றாவதாக ஒரு வகையைக் கொண்டுவரப் பார்த்தது, அதாவது போராளிக்குள்ள உரிமையும் கிடையாது, பொதுமகனுக்குள்ள பாதுகாப்பும் கிடையாது. நீதிமன்றம் அந்த வகையை ஏற்கவில்லை, அவர்கள் பொதுமக்கள்தான், நேரடியாகச் சண்டையில் இருக்கும் காலத்துக்கு மட்டும் பாதுகாப்பை இழக்கிறார்கள் என்றது. எல்லாக் குறிவைத்த கொலையும் குற்றம் என்றும் சொல்லவில்லை, எல்லாம் செல்லும் என்றும் சொல்லவில்லை.

அவர்கள் வைத்த நிபந்தனைகள் நான்கு. அவர் யார், என்ன செய்தார் என்பதற்கு வலுவான, சரிபார்க்கப்பட்ட தகவல் வேண்டும், அதைக் காட்டும் பொறுப்பு தாக்குகிற படையுடையது. இதைவிடக் குறைந்த கேடு விளைவிக்கும் வழி இருந்தால், அதாவது கைது செய்து விசாரிக்க முடிந்தால், தாக்கவே கூடாது. தாக்கிய பிறகு, ஆளைச் சரியாக அடையாளம் கண்டார்களா, சூழ்நிலை என்ன என்று சுதந்திரமான முழு விசாரணை நடக்க வேண்டும், தகுந்த வழக்குகளில் அப்பாவிகளுக்கு இழப்பீடும் வேண்டும். பக்கத்தில் இருக்கும் பொதுமக்களுக்கு நேரும் கேடு, கிடைக்கும் ராணுவப் பலனுக்கு மிஞ்சக் கூடாது.

நீங்கள் சொன்ன முகாம் உதாரணம் இரண்டாவது நிபந்தனைக்குள் வரும். படைவீரர் உயிருக்கோ அப்பாவிகளுக்கோ பெரிய ஆபத்து என்றால் கைது கட்டாயமில்லை என்று தீர்ப்பே சொல்கிறது. ஆனால் அதே பத்தியில், ராணுவம் கட்டுப்படுத்தும் ஆக்கிரமிப்புப் பகுதியில்தான் கைது குறிப்பாக நடைமுறைக்கு ஏற்றது என்றும் எழுதியிருக்கிறார்கள். இளவேனில் கேட்டதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. பிடி எவ்வளவு இறுகியிருக்கிறதோ அவ்வளவுக்குக் கொல்லும் உரிமை சுருங்குகிறது. முழுப் பிடி உள்ள ஊரில் மனித உரிமைச் சட்டத்தின் அளவுகோல்தான், அதாவது ஓர் உயிரைக் காக்க வேறு வழியே இல்லாத கட்டத்தில் மட்டும் சாகும்படி சுடலாம். ஐ.நா.வின் 1990 துப்பாக்கிப் பயன்பாட்டுக் கோட்பாடுகள் சொல்வதும் இதைத்தான்.

2024 ஜனவரி 30 அன்று மேற்குக் கரையின் ஜெனின் நகர மருத்துவமனைக்குள் இஸ்ரேல் படையினர் மருத்துவப் பணியாளர்கள் போலவும் பெண்கள் போலவும் வேடமிட்டுப் போய் மூன்று பேரைச் சுட்டுக் கொன்றார்கள், அதில் ஒருவர் அங்கே சிகிச்சையில் இருந்தவர். அவர்கள் தாக்குதலுக்குத் திட்டமிட்டவர்கள் என்றது இஸ்ரேல். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். கட்டில் பக்கம் வரை போக முடிந்த படைக்குக் கைது செய்ய முடியவில்லை என்பதை எப்படி ஏற்பது? மருத்துவர் வேடம் போடுவது, சட்டம் காக்கும் ஆள் போல நம்பவைத்துக் கொல்லும் வஞ்சகத் தாக்குதல் ஆகுமா என்பது தனிக் கேள்வி, அதுவும் சின்னக் கேள்வி இல்லை.

இளவேனில் எழுதியது:

ரொம்ப நன்றி, இப்போதுதான் கேள்வியே தெளிவாகிறது. ஆனால் 'நேரடியாகப் பங்கெடுக்கும் காலம்' என்பது எனக்குப் புரியவில்லை. பகலில் வயலில் வேலை, இரவில் துப்பாக்கி என்று இருப்பவர் காலையில் வீட்டில் தூங்கும்போது பொதுமகனா, போராளியா? இயக்கத்துக்குச் சாப்பாடு போட்டவர், சுவரொட்டி ஒட்டியவர், பணம் கொடுத்தவர்?

நூர்ஜஹான் எழுதியது:

இதற்குத்தான் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு 2009இல் ஒரு விளக்க வழிகாட்டி போட்டது. மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் நேரடிப் பங்கு என்கிறது. செயல் எதிரியின் படை நடவடிக்கைக்கோ மக்களின் உயிருக்கோ கேடு விளைவிக்கும் அளவுக்கு இருக்க வேண்டும், அந்தக் கேடு அந்தச் செயலிலிருந்து நேரடியாக வர வேண்டும், ஒரு தரப்புக்கு ஆதரவாக இன்னொரு தரப்பைப் பாதிப்பதற்காகச் செய்ததாக இருக்க வேண்டும். சாப்பாடு போட்டவர், சுவரொட்டி ஒட்டியவர், பணம் கொடுத்தவர் இதில் வரமாட்டார்கள். அவர்கள் செய்தது குற்றமாகவே இருக்கலாம், வழக்குப் போடலாம், ஆனால் குண்டு போட முடியாது. 2006 தீர்ப்பும் உணவு, மருந்து விற்பவரையும் பிரசாரம் செய்பவரையும் வெளியேதான் நிறுத்துகிறது.

எப்போதாவது சண்டைக்குப் போய்வந்து விலகியவர் வீடு திரும்பினால் மறுபடியும் பொதுமகன்தான். ஆனால் இயக்கத்தின் ஆயுதப் பிரிவில் தொடர்ந்து சண்டைக்கான பொறுப்பில் இருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை, தூங்குவதும் அடுத்த தாக்குதலுக்கு முந்திய ஓய்வு என்றுதான் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே சாம்பல் நிறப் பகுதி பெரியது, அங்கேதான் உளவுத்துறை தனக்கு வேண்டியபடி நீட்டிக்கொள்கிறது. சந்தேகம் வந்தால் பொதுமகன் என்றே கொள் என்கிறது 1977 நெறிமுறையின் 50ஆம் பிரிவு. பட்டியலில் பெயர் இருப்பது அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் சான்று ஆகாது, பட்டியலை எழுதியதே தாக்குகிற தரப்புதானே.

பக்கத்தில் சாகிறவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். 2002 ஜூலை 22 இரவு காசாவின் தராஜ் குடியிருப்பில் ஹமாஸ் ஆயுதப் பிரிவுத் தலைவர் சலா ஷெஹாதே இருந்த வீட்டின் மேல் எஃப்-16 விமானம் ஒரு டன் குண்டைப் போட்டது. சுற்றிலும் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் இடம். அவரோடு மனைவியும் மகளும் செத்தார்கள், அக்கம்பக்கத்து வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்களும் செத்தார்கள். இறந்த பொதுமக்களில் பெரும்பாலோர் குழந்தைகள். ஷெஹாதேயைக் குறிவைத்தது செல்லும் என்று வாதிடுபவர்கூட, நள்ளிரவில் குடியிருப்புக்கு நடுவே ஒரு டன் எடையுள்ள குண்டு எதற்கு என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இஸ்ரேல் நியமித்த விசாரணைக் குழு 2011இல் அறிக்கை கொடுத்தது. விளைந்த கேடு மிஞ்சிப்போனது என்று ஒப்புக்கொண்டது, தகவல் சேகரித்ததில் குறை என்றது, யார் மேலும் குற்ற வழக்குத் தேவையில்லை என்று முடித்தது. ஸ்பெயினில் இதற்காக 2009இல் தொடங்கிய வழக்கும், இஸ்ரேலே விசாரிக்கிறது என்ற காரணத்தால் மூடப்பட்டது.

பராக் தன் தீர்ப்பில் காட்டிய உதாரணத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாடி முகப்பிலிருந்து ஒருவன் சுட்டுக்கொண்டிருக்கிறான், அவனைத் திருப்பிச் சுடும்போது பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்கு அடிபட்டாலும் அளவு மீறியதாகாது. அதே ஆளுக்காகக் கட்டிடத்தை வானிலிருந்து தகர்த்து அங்கே குடியிருப்பவர்களையும் தெருவில் போகிறவர்களையும் கூட்டமாகக் கொன்றால் அது செல்லாது.

மாறன் எழுதியது:

எல்லோரும் ஆக்கிரமித்தவன் செய்வதையே பேசுகிறீர்கள். ஆக்கிரமிக்கப்பட்டவர்கள் அந்தப் படையின் ஆளைக் குறிவைத்துக் கொன்றால்? உக்ரைனில் ரஷ்யா பிடித்த பகுதிகளில் ரஷ்யா வைத்த நிர்வாகிகள் மேல் 2022இலிருந்தே தாக்குதல்கள் நடக்கின்றனவே, அதையும் இதே தராசில்தானே வைக்க வேண்டும்?

தேன்மொழி எழுதியது:

ஆமாம் மாறன், அதே தராசுதான். படைவீரர் சட்டபூர்வமான இலக்கு. பள்ளி நிர்வாகியோ குடிநீர் வாரிய அதிகாரியோ, ஆக்கிரமித்தவனுக்கு வேலை பார்த்தாலும் பொதுமகன்தான். துரோகி என்று பெயர் வைத்துவிட்டால் பாதுகாப்புப் போய்விடாது. யார் நியாயத்துக்காகப் போராடுகிறார் என்பதை வைத்து இந்தச் சட்டம் ஆளுக்கு ஒரு விதி எழுதுவதில்லை, அது எனக்கும் சில நேரம் கசக்கத்தான் செய்கிறது.

ஆனால் ஒரு தாக்குதலுக்குப் பதிலாக ஊரைத் தண்டிக்கும் உரிமை ஆக்கிரமித்தவனுக்குக் கிடையாது. 1942இல் பிராகில், ஆக்கிரமித்த செக் பகுதியை ஆண்ட நாஜி அதிகாரி ஹெய்ட்ரிக் தாக்கப்பட்டு இறந்ததும், நாஜிகள் ஜூன் 10 அன்று லிடிட்சே கிராமத்தில் 173 ஆண்களை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள், பெண்களை வதைமுகாமுக்கு அனுப்பி ஊரையே தரைமட்டமாக்கினார்கள். அந்தக் கிராமத்துக்கும் தாக்கியவர்களுக்கும் தொடர்பே இருக்கவில்லை. போர் முடிந்து 1949இல் எழுதிய ஒப்பந்தத்தின் 33ஆம் பிரிவு கூட்டுத் தண்டனையையும் பழிவாங்கலையும் தடை செய்தது, 34ஆம் பிரிவு பணயக்கைதி பிடிப்பதைத் தடை செய்தது.

கதிரவன் எழுதியது:

கைது சாத்தியமா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். மேற்குக் கரை போன்ற இடத்தில் அந்த வாதம் வலுவானது. காசாவில் 2005க்குப் பிறகு தரையில் படை இல்லாத காலத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது என்பதுதான் என் நிலை. இன்னும் ஒன்று, தாக்கிய பிறகு விசாரணை என்கிறீர்களே, படை தன்னைத் தானே விசாரித்தால் என்ன பயன்?

நூர்ஜஹான் எழுதியது:

காசாவைப் பற்றி சர்வதேச நீதிமன்றம் 2024 ஜூலை 19 அன்று கொடுத்த கருத்துரையில், படையை விலக்கியதோடு கடமை முழுக்கத் தீர்ந்துவிடவில்லை, கையில் உள்ள கட்டுப்பாட்டின் அளவுக்குக் கடமையும் இருக்கிறது என்றது. உங்கள் நிலைக்கு அது முழு மறுப்பும் இல்லை, முழு ஆதரவும் இல்லை.

விசாரணைக்கு தெற்கு இராக்கின் பாஸ்ரா வழக்குதான் நல்ல பாடம். 2003இல் பிரிட்டன் படை அங்கே ஆக்கிரமிப்பில் இருந்தபோது இறந்த ஆறு இராக்கியர்களின் குடும்பங்கள் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். ஒரு பெண் குடும்பத்தோடு இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது வெளியிலிருந்து வந்த குண்டு பாய்ந்து இறந்தவர். அந்த நீதிமன்றம் 2011இல், அல்-ஸ்கெய்னி என்று பெயர்பெற்ற இந்த வழக்கில், அங்கே அதிகாரம் செலுத்திய நாடு அந்த உயிர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றது. ஆறில் ஐந்து மரணங்களில் படை அதிகார வரிசைக்கு வெளியே நின்று சுதந்திரமாக விசாரிக்கவில்லை என்பதற்காகவே பிரிட்டன் மீறியது என்று தீர்ப்பு. சுட்டது சரியா தவறா என்று தனியாகத் தீர்மானிக்கக்கூடத் தேவைப்படவில்லை.

எல்லாப் பகுதிக்கும் அப்படி ஒரு நீதிமன்றம் கிடையாது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சட்டத்தின் 8ஆம் பிரிவு வேண்டுமென்றே கொல்வதைப் போர்க்குற்றம் ஆக்கியிருக்கிறது, பாலஸ்தீனம் 2015இல் அதில் சேர்ந்தது. அதனால் இளவேனில், பக்கத்தில் இறந்தவர்களுக்கு யார் பொறுப்பு என்ற உங்கள் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. உத்தரவிட்டவர், குண்டு அளவைத் தேர்ந்தெடுத்தவர், தடுக்கக் கூடிய இடத்தில் இருந்தும் தடுக்காத தளபதி, எல்லோருமே பொறுப்புக்குள் வரலாம். கோப்பைத் திறந்து பார்க்க வைக்க இறந்தவர்களின் குடும்பங்களும் அவர்களுக்காக வழக்காடும் அமைப்புகளும் வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கிறது.