இரண்டு பாடல்களை ஒப்பிட வைக்க வகுப்பில் என்ன செய்தீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈரோடு பக்கம், மேல்நிலைத் தமிழாசிரியை

திருப்புதல் தேர்வுத் தாள்களைத் திருத்தி வைத்த கையோடு எழுதுகிறேன். மொத்தம் 42 தாள்கள். புறநானூற்றில் காவற்பெண்டு பாடிய 86ஆம் பாடலையும் பொன்முடியார் பாடிய 312ஆம் பாடலையும் கொடுத்து, அவற்றில் வரும் தாய்மாரை ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருந்தேன். பாதிக்கு மேற்பட்டவர்கள் முதல் பாடலுக்கு ஒரு பொழிப்புரை, இரண்டாவதற்கு ஒரு பொழிப்புரை, அடியில் “இவ்வாறு இரு பாடல்களும் வீரத்தைப் போற்றுகின்றன” என்று எழுதி ஒரு கோடும் இழுத்துவிட்டார்கள். என் அப்பா மஞ்சள் போடுகிறவர். மண்டியில் விரலி மஞ்சளை ஒடித்துப் பார்க்கிறவர்கள் இரண்டு மாதிரியையும் ஒரே கையில் வைத்துத்தான் பார்ப்பார்கள். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று பார்த்தால் விலை சொல்ல முடியாது. என் பிள்ளைகள் செய்திருந்தது அதைத்தான்.

மறுநாள் இரண்டு பாடல்களையும் அடி அடியாக வெட்டி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கிக் கொண்டுபோனேன். இரண்டுமே ஆறடிப் பாடல்கள். ஆகப் பன்னிரண்டு சீட்டுகள். ஐந்து பேருக்கு ஒரு டின். எந்த அடி காவற்பெண்டுடையது, எது பொன்முடியாருடையது என்று பிரிக்க வேண்டும். பொன்முடியார் பாடலில் “கடனே” (கடமையே) என்று முடியும் ஐந்து சீட்டுகளை ஒரு நிமிடத்தில் ஒதுக்கிவிட்டார்கள். அதே பாடலின் “ஒளிறுவாள் அருஞ்சமம் முருக்கி” மட்டும் எல்லாக் குழுக்களிலும் தவறான பக்கம் போயிற்று. அதில் கடன் இல்லை, போர் இருக்கிறது. பக்கத்தில் காவற்பெண்டின் “போர்க்களத்தானே” என்று ஒரு சீட்டு கிடக்கிறது. எனவே அதனோடு சேர்த்துவிட்டார்கள். நான் திருத்தவில்லை. ஏன் அங்கே வைத்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். அந்தச் சண்டையில் பத்து நிமிடம் போனது. உருப்படியான பத்து நிமிடம் அதுதான்.

“கடன் என்றால் வட்டி எவ்வளவு டீச்சர்?” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது. எங்கள் ஊரில் வாரத் தவணை கட்டாத வீடு குறைவு, அந்தச் சொல் வேறெப்படி ஒலிக்கும்? சிரிப்பு அடங்கியதும், எப்போதும் வாயே திறக்காத ஒரு பெண் சொன்னாள்: “டீச்சர், இந்த அம்மா எல்லோருக்கும் கணக்கு எழுதுகிறார். தனக்கு, அப்பாவுக்கு, கொல்லனுக்கு, அரசனுக்கு. கடைசியில் மகனையும் ‘காளை’ என்கிறார். ‘என் மகன்’ என்ற சொல்லே இல்லை.” அடுத்த பாடலில் அந்தச் சொல் இருக்கிறதே என்று இன்னொருத்தி சீட்டை எடுத்துக் காட்டினாள். “என்மகன் யாண்டுள னாயினும் அறியேன்.” அங்கே அப்பா இல்லை, அரசன் இல்லை, ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கிற ஒருத்தி, பதில் சொல்கிற தாய், அவ்வளவுதான். “ஈன்று”, “ஈன்ற” என்று இரு தாய்மாரும் பெற்றெடுத்ததையே பேசுகிறார்கள் என்பதைச் சீட்டுகளைக் கையில் வைத்திருந்த பிறகுதான் நானே கவனித்தேன். எத்தனையோ வருடமாக நடத்துகிற பாடல்கள்!

நீங்கள் செய்தவற்றையும் எழுதுங்கள். தோற்றுப்போனதையும் எழுதலாம்.

பொள்ளாச்சி, கல்லூரி ஆசிரியர்

என்னுடையது பாதி தோல்வி. முதலாண்டு மாணவர்களுக்குக் குறுந்தொகையின் 3ஆம் பாடலும் 40ஆம் பாடலும். இரண்டும் குறிஞ்சி. “நிலத்தினும் பெரிதே” என்பது தலைவி சொல்வது. “யாயும் ஞாயும் யாராகியரோ” என்பது தலைவன் சொல்வது. இது வரைக்கும் எல்லோரும் எழுதிவிடுவார்கள், அதற்கு மேல் பேனா நகராது. 40ஆம் பாடலில் “செம்புலப் பெயல்நீர் போல” (செம்மண்ணில் பெய்த மழைநீர் போல) நெஞ்சங்கள் கலந்தன என்று வருகிறதே, அதைக் காட்ட ஒரு கண்ணாடி டம்ளரில் செம்மண்ணைப் போட்டு மேசைமேல் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். அவசரத்தில் ஊற்றியதில் பாதி வழிந்து, பக்கத்திலிருந்த வருகைப் பதிவேட்டின் ஓரம் இன்றும் காவி நிறத்தில் இருக்கிறது. ஆனாலும் பலன் இருந்தது. “சார், மூன்றாம் பாடலிலும் நிலமும் நீரும் வருகின்றன. அங்கே தனித்தனியாக நின்று அளவுகோலாகின்றன. இங்கே கலந்துவிட்டன” என்றான் ஒருவன். நெடுவினாவுக்கு அந்த ஒரு வரி போதும் என்று மகிழ்ந்து டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனேன்.

மறுநாள் காலை வந்து பார்த்தால் மண் அடியில், தெளிந்த தண்ணீர் மேலே. “பிரிந்துவிட்டார்கள் சார்” என்றது முதல் பெஞ்ச். எனக்குப் பதில் வரவில்லை. பேச்சை மாற்றி வேறு பாடலுக்குப் போய்விட்டேன், அதுதான் என் தவறு. அந்த வாரத் தேர்வில் ஒரு மாணவி எழுதியிருந்தாள்: புலவர் சொன்னது டம்ளர்த் தண்ணீரை அன்று, பெயல்நீரை; வயலில் பெய்த மழையைத் திரும்ப எடுத்து வைக்க முடியாது. நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலுக்கு நானே மதிப்பெண் போட்டேன்.

நாமக்கல், ஓய்வு பெற்றவன்

டீச்சர் அம்மாவும் தம்பியும் கோபிக்கக் கூடாது. டின்னும் டம்ளரும் நன்றாகத்தான் இருக்கின்றன. பாடல் மனப்பாடமாக இல்லாத பிள்ளை தேர்வறையில் எதை ஒப்பிடும்? அங்கே சீட்டு கொடுக்க மாட்டார்கள் (கொடுத்தால் பிடித்து வெளியே அனுப்புவார்கள்). நான் பாடலைக் கரும்பலகையில் முழுதாக எழுதி, எல்லோரும் ஒருமுறை சொன்னதும் இரண்டு சொற்களை அழிப்பேன். மறுபடி சொல்ல வேண்டும். மறுபடி இரண்டு. கடைசியில் வெறும் பலகையைப் பார்த்து வகுப்பே பாடும். இரண்டு பாடல்களுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இப்படிச் செய்தால், எந்தச் சொல் போனாலும் சமாளித்துவிடலாம், எது போனால் பாடலே விழுந்துவிடும் என்று பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும். 86இல் தாய் தன் வயிற்றைப் புலி தங்கிப் போன குகை போன்றது என்கிறாள், அந்தப் “புலி”யை அழித்துப் பாருங்கள். 312இல் அப்படி ஒரு உவமையே கிடையாது. அங்கே “கடனே”தான் தூண். ஒப்பீடு அதிலேயே வந்துவிடுகிறது.

திருப்பூர், பழைய மாணவன்

ஆசிரியன் இல்லை, பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எங்களுக்கு ‘ஒற்றுமை, வேற்றுமை’ என்று அட்டவணை போட்டுப் பழக்கினார்கள். திருப்புதலுக்கு அருமையாக உதவியது. தேர்விலும் அதே அட்டவணையை அப்படியே போட்டுவிட்டேன். பத்தியாக எழுதவில்லை என்று பாதி மதிப்பெண் போனது. அட்டவணையைப் பத்தியாக மாற்றவும் ஒரு நாள் பழக்கியிருக்கலாம் என்று இப்போதும் தோன்றும்.

ஈரோடு பக்கம், மேல்நிலைத் தமிழாசிரியை

ஐயா, கோபமெல்லாம் இல்லை. சீட்டு விளையாடிய மறுநாள் மனப்பாடம் கேட்டேன், பாதிப் பேர் திணறினார்கள். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நாளை இரண்டாம் பாடவேளையில் பலகையை அழிக்கப் போகிறேன். தம்பி, உங்கள் டம்ளரையும் கடன் வாங்குகிறேன், வட்டியில்லாமல். பள்ளி மைதானத்தில் செம்மண் இருக்கிறது. தாராபுரம் பக்கம் தோட்டம் உள்ள ஒரு மாணவன், கரிசல் மண்ணும் ஒரு பிடி கொண்டுவருகிறேன், அதில் ஊற்றினால் என்ன ஆகிறது பார்க்கலாம் என்கிறான். பதிவேட்டை முன்கூட்டியே பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறேன்.