கட்டைவிரலில் குடிவந்த கவுட்: பட்டவர்கள் சொல்வது

நான் மதுரைப் பக்கம், வயது 44. கவுட், அதாவது உடம்பின் கழிவான யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வரும் மூட்டுவலி, எனக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதில் முதல் ஆறு வருடம் நான் செய்தது எல்லாமே தப்பு. அந்தத் தப்புகளைத்தான் எழுதப்போகிறேன். இதைப் படிப்பவர்களில் பாதிப்பேர் இப்போது அதையேதான் செய்துகொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆடி மாதம், குலசாமி கோயிலில் கிடா வெட்டு. காலையிலிருந்து வெயிலில் நின்று பந்தி கவனித்ததில் தண்ணீர் குடித்த ஞாபகமே இல்லை. மத்தியானம் குடல் குழம்பு, ஈரல், சுவரொட்டி. சாயங்காலம் மச்சான்மாரோடு தோப்பில் உட்கார்ந்து பீர். எத்தனை பாட்டில் என்று பின்னால் டாக்டர் கேட்டபோது இரண்டு என்றேன். நான்கு. இரவு பத்தரைக்குப் படுக்கும்போது உடம்பில் ஒரு வலியும் கிடையாது. இரண்டு மணிக்கு முழிப்பு வந்தது. கதவிடுக்கில் விரல் மாட்டினால் முதல் நொடியில் ஒரு வலி வருமே, அந்த நொடி விடியும்வரை முடியாமல் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. இடதுகால் கட்டைவிரலின் அடிமூட்டு. வேட்டி நுனி பட்டால் வலி, ஃபேன் காற்று பட்டால் வலி. வீட்டுக்காரி பதறிப்போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். மெத்தை அசைந்ததற்கே கத்திவிட்டேன். பூரான் கடித்திருக்கும் என்று மாமியார் டார்ச் லைட்டை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார்.

விடிந்து பார்த்தால் மூட்டு தக்காளிப்பழம் மாதிரி சிவந்து, தோல் இழுத்துப் பளபளவென்று இருந்தது. அப்பா தைலத்தைச் சூடாக்கி எடுத்து வந்து தேய்த்தார். நெருப்பில் நெய் ஊற்றிய கதைதான். அடுத்து, சுளுக்கு என்று முடிவுசெய்து சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப்போனார்கள். அவர் விரலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

மூன்றாம் நாள் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். யூரிக் ஆசிட் 6.1. "நார்மல்தான், கவுட் எல்லாம் இல்லை" என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். பத்தாம் நாள் வலி தானாகப் போய்விட்டது. நானும் மறந்துவிட்டேன். வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் ஆசிட் அளவு இறங்கிக் காட்டலாம், எல்லாம் அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரிய ரொம்ப நாள் ஆயிற்று. அப்படி எடுத்தபோது 9.2 இருந்தது.

எட்டு மாதம் கழித்து இரண்டாவது தடவை வந்தது. பிறகு நாலு மாதத்தில். கட்டைவிரலை விட்டுக் கணுக்கால், அப்புறம் முழங்கால். பைக்கில் கியரை மேலே தூக்குவது இடதுகால் கட்டைவிரல்தான் என்பதை அது போன பிறகுதான் கவனித்தேன். கோரிப்பாளையத்திலிருந்து வீடுவரைக்கும் முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு வந்த நாள் உண்டு. மெடிக்கல் ஷாப்காரர் நான் நொண்டிக்கொண்டு படியேறுவதைப் பார்த்ததுமே ஒரு அட்டை வலி மாத்திரையை எடுத்து மேசையில் வைத்துவிடுவார். சீட்டு கிடையாது, கேள்வி கிடையாது. இப்படியே ஆறு வருடம். ஒருநாள் கம்பெனி மெடிக்கல் செக்கப்பில், கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.5 என்று கூடுதலாக வந்தது. வலி மாத்திரை கிட்னியைக் கெடுக்கலாம். அன்றைக்குத்தான் பயம் வந்தது.

நடுவில் சாப்பாட்டு விரதம் வேறு. பருப்பை நிறுத்தினேன், கீரையை நிறுத்தினேன், ரசத்தில் தக்காளி போடக் கூடாது என்று வீட்டில் சண்டை போட்டேன். ஆனால் பீரை விட்ட நல்லபிள்ளை என்ற பெருமையில் தினமும் ஒரு பாட்டில் கலர் குடித்துக்கொண்டிருந்தேன். பருப்பும் கீரையும் கவுட்டைப் பெரிதாகக் கூட்டுவதில்லை; அந்தக் கலரில் இருக்கும் சர்க்கரைதான் யூரிக் ஆசிட்டை ஏற்றுகிறது என்று பிறகு தெரிந்தது. கூட்டும் பொரியலும் இல்லாமல் ஒரு வருடம் சாப்பிட்டதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

கடைசியில் மூட்டு வாத நோய்களுக்கான டாக்டர், ஒரு ருமட்டாலஜிஸ்ட்டிடம் போனேன். வீங்கிய முழங்காலில் ஊசி விட்டு நீர் எடுத்து, அதை அதற்கென்று இருக்கும் மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னையே பார்க்கச் சொன்னார். இருட்டில் ஊசி ஊசியாக மின்னியது. எனக்குள் இருந்தது அதுதான். ரத்தத்தில் யூரிக் ஆசிட் சுமார் 6.8-ஐத் தாண்டினால் அதற்குமேல் கரையாது. பாயசத்தில் சர்க்கரை அதிகமானால் அடியில் தங்குகிற மாதிரி மூட்டில் தங்கும், அதுவும் உடம்பில் குளிர்ச்சியான இடமான கால்விரலில் முதலில் தங்கும் என்றார். "கறி சாப்பிட்டதால வந்ததுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. உங்க கிட்னி வெளியே தள்ள வேண்டியதைச் சரியாத் தள்ளல. கறியும் பீரும் தீக்குச்சி. உள்ளே வைக்கோல் ஏற்கனவே கிடக்கு." அப்பா அம்மா யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திவிட்டேன். அப்பாவின் காதுமடலில் ஒரு வெள்ளைக் கட்டி உண்டு, முழங்கையில் ஒன்று. கொழுப்புக் கட்டி என்று சொல்வார்கள். சின்ன வயதில் நானும் தம்பியும் அவர் மடியில் உட்கார்ந்து காதில் இருப்பதை உருட்டி விளையாடுவோம். வருடத்துக்கு இரண்டு முறை "வாதம்" என்று காலை நீட்டிப் படுத்துவிடுவார். அந்தக் கட்டி முழுக்க யூரிக் ஆசிட் உப்பு.

யூரிக் ஆசிட்டை இறக்கும் அலோபியூரினால் 100 மில்லிகிராம் எழுதினார். கூடவே, கவுட் வீக்கத்தை அடக்கும் கோல்சிசின் 0.5. விலை ஒன்றும் அதிகமில்லை, ஆனாலும் வலிதான் இல்லையே, இது எதற்கு என்று கோல்சிசினை வாங்காமல் விட்டுவிட்டேன். முதல் மாதத்திலேயே இரண்டு அட்டாக். "மருந்தே வியாதியைக் கிளப்புது" என்று அலோபியூரினாலையும் நிறுத்தினேன். இதுதான் என் தப்புகளிலேயே பெரிய தப்பு. யூரிக் ஆசிட் இறங்கும்போது பழைய படிவு கரைந்து கலங்கும், அந்தக் கலக்கத்தில் வலி வரும், அதைத் தடுக்கத்தான் முதல் சில மாதத்துக்குக் கோல்சிசின் துணைக்கு. திரும்பப் போய்த் திட்டு வாங்கி, மறுபடி 100-இல் ஆரம்பித்து, ரத்தம் பார்த்துப் பார்த்து ஏற்றி, 300-இல் 5.4 வந்தது. 6-க்குக் கீழே நிற்க வேண்டும் என்பது கணக்கு. கடைசியாக அட்டாக் வந்து இருபது மாதம் ஆகிறது.

இனி மற்றவர்கள் சொல்லுங்கள்.

*

தம்பி, நான் மூலனூர்ப் பக்கம் விவசாயி, 58 வயது. கோல்சிசின் என்று எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன். எனக்கு முதன்முதலில் அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தபோது மகன் போனில் பார்த்துவிட்டு, "அப்பா, இது நம்ம தோட்டத்துச் சரக்கு" என்றான். எங்கள் ஊர்ப்பக்கம் கண்வலிக்கிழங்குதான் வெள்ளாமை. செங்காந்தள் என்றால் உங்களுக்குப் புரியும், நம் மாநிலப் பூ. அதன் விதையிலிருந்துதான் கோல்சிசின் எடுக்கிறார்கள். பூக்கிற காலத்தில் காலையிலேயே ஆள் விட்டு, ஒவ்வொரு பூவுக்கும் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் காய் சரியாகப் பிடிக்காது. அந்த வேலை நடக்கிற நேரத்தில்தான் எனக்குக் கால் வீங்கியது. வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கொடி கொடியாக என் மருந்து பூத்துக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரிப்பு இருக்கட்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர், "கடையில எதுக்குங்க காசு குடுக்கறீங்க, நாலு விதைய அரைச்சுக் குடிச்சுப்புடுங்க" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரோ, நிஜமாகவே சொன்னாரோ. யாரும் அதை மட்டும் செய்துவிடாதீர்கள். கிழங்கும் விஷம், விதையும் விஷம். எங்கள் பக்கம் சாக வேண்டும் என்று முடிவு கட்டியவர்கள் தேடிப் போகிற கிழங்கு இது. மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம், அதுவும் அளந்து வைத்தது.

மாத்திரையிலேயே நான் பட்டிருக்கிறேன். வலி தாங்காமல் மணிக்கு ஒன்று என்று ஆறு போட்டேன். முன்பெல்லாம் அப்படித்தான் கொடுப்பார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு. ராத்திரி முழுக்கக் கக்கூசுக்கும் கட்டிலுக்கும் நொண்டி நடை. ஒற்றைக் காலில் நின்று வயிற்றுப்போக்கைச் சமாளித்தவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். இப்போது டாக்டர் சொன்னபடி, வலி தொடங்கியதும் இரண்டு, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று, அன்றைக்கு அவ்வளவுதான். கிட்னி சரியில்லாதவர்களுக்கு அதுவும் குறையும் என்றார். வேறு ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிடுகிற நேரத்தில் கேட்காமல் இதைப் போடக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்.

*

ஆண்களாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நானும் சொல்கிறேன். ரிட்டயர்டு டீச்சர், 63 வயது, பாளையங்கோட்டை. பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொட்டதில்லை. எனக்கு வந்தது கால்விரலில் இல்லை, வலதுகை ஆள்காட்டி விரல் கணுவில். மார்கழி மாதம், விடியற்காலை கோலப்பொடியை எடுத்து இரண்டு விரலால் பிடிக்கப் போனால் பிடிக்க முடியவில்லை. பொடி கொட்டிக்கொண்டே இருக்கிறது, புள்ளி விழவில்லை. அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் பார்த்த டாக்டர் வயசானால் வரும் தேய்மானம் என்றார். இரண்டாவது டாக்டர் முடக்கு வாதம் என்று ஒரு வருடம் மருந்து கொடுத்தார். பெண்களுக்குக் கவுட் வராது, அதுவும் சைவத்துக்கு வரவே வராது என்று அவர்களுக்குள் ஒரு தீர்மானம். மாதவிலக்கு நிற்கும்வரை பெண்ணின் ஹார்மோனே யூரிக் ஆசிட்டை வெளியேற்ற உதவுகிறது, நின்ற பிறகு அந்தக் காவல் போய்விடுகிறது என்று மூன்றாவது டாக்டர் அம்மா சொன்னார்கள். அவர்கள் செய்த முதல் காரியம் என் பி.பி. மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்ததுதான். அதில் நீர் பிரிய வைக்கும் மருந்து சேர்ந்திருந்தது. ஹைட்ரோகுளோரோதயசைடு என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அது யூரிக் ஆசிட்டை ஏற்றும். லோசார்ட்டான் என்ற வேறு பி.பி. மாத்திரைக்கு மாற்றினார்கள். எட்டு வருடமாக நானே தினம் காலையில் காபியோடு விழுங்கியிருக்கிறேன்! ஆனால் யாரும் இதைப் படித்துவிட்டு பி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்டையைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

வலியைவிட எனக்கு ஆறாதது சொந்தக்காரர்கள் பேச்சு. "ஒளிச்சு வச்சுக் கறி சாப்பிடுதீங்களா டீச்சர்?" என்று கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் ஒருத்தி கேட்டாள். பணக்காரன் வியாதி, தின்று கொழுத்தவன் வியாதி என்று ஊரில் ஒரு பேர் இருக்கிறதே, அதனாலேயே எத்தனை பேர் வெளியில் சொல்லாமல் இருக்கிறார்களோ.

*

சார்ஜாவில் வெல்டிங் வேலை, சொந்த ஊர் ராமநாதபுரம். சுருக்கமாகச் சொல்கிறேன். நான் குடிப்பதில்லை. வெயில் காலத்தில் சைட்டில் வேர்த்துக் கொட்டும். அடிக்கடி ஒன்றுக்குப் போகக் கீழே இறங்க வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்வேன். அதுதான் எனக்கு வினை. அட்டாக் வந்த காலை சேஃப்டி ஷூவுக்குள் விட முடியாது. ஷூ இல்லாமல் சைட்டுக்குள் விட மாட்டார்கள். லீவு போட்டால் சம்பளம் போச்சு. ஒருமுறை ஷூவின் முன்பக்கத் தோலை பிளேடால் அறுத்துப் போட்டுக்கொண்டு போய் மாட்டிக்கொண்டேன். மதுரை அண்ணே, ஒரு கேள்வி. ராத்திரி வலி ஆரம்பித்தால் காலைவரை என்ன செய்வீர்கள்? ரூமில் எட்டு பேர் தூங்குகிறார்கள், கத்தவும் முடியாது.

*

தம்பி, நான் செய்வதைச் சொல்கிறேன், உன் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள். காலில் முதல் ஊறல் மாதிரி ஒரு உணர்வு வரும், உனக்கும் பழகியிருக்கும். அப்போதே எழுந்து, டாக்டர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த மாத்திரையைப் போட்டுவிட வேண்டும். விடியட்டும் என்று தள்ளினால் அதே மாத்திரை பாதிகூடக் கேட்காது. ஊருக்குப் போகிற பையிலும் ஒரு அட்டை எப்போதும் கிடக்கும். அடுத்து ஐஸ். துண்டில் சுற்றி இருபது நிமிடம் வைத்து எடுத்து, விட்டு விட்டு வைப்பேன். சூடு, தைலம், உருவுதல் எதுவும் கிட்டே வரக் கூடாது. காலைத் தலையணையில் உயர்த்தி வை. போர்வை படாமல் இருக்க நான் ஒரு அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்துக் காலுக்குக் கூடாரம் மாதிரி கவிழ்த்து வைப்பேன். மிக்ஸி வந்த பெட்டி, இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ஏற்கனவே அலோபியூரினால் சாப்பிடுகிறவன் அட்டாக் நேரத்தில் அதை நிறுத்த வேண்டாம்.

இரண்டு விஷயத்தில் மட்டும் வீட்டு வைத்தியம் கூடாது. மூட்டு வீக்கத்தோடு காய்ச்சலும் குளிரும் இருந்தால் அது மூட்டுக்குள் கிருமியாக இருக்கலாம், அந்த ராத்திரியே ஆஸ்பத்திரி. அலோபியூரினால் தொடங்கிய புதிதில் உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாகும்.

டீச்சரம்மா, உங்கள் கோலப்பொடியைப் படித்ததும் அப்பா ஞாபகம் வந்தது. அவருக்கு இப்போது 76. என்னைப் பார்த்துவிட்டு அவரும் மூன்று வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். கட்டி இருப்பதால் அவருக்கு 5-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்றார்கள், கொண்டுவந்தாயிற்று. போன மாதம் என் மகள் அவர் மடியில் ஏறி, நாங்கள் செய்ததுபோலவே காதைத் தடவித் தேடினாள். காணோம். "எங்க தாத்தா போச்சு?" என்றாள். அவருக்கே தெரியவில்லை, கையை வைத்துப் பார்த்தார். முழங்கையில் இருப்பது மட்டும் இன்னும் புளியங்கொட்டை அளவுக்கு இருக்கிறது.