ஓடுபாதை நீளமும் கையாளும் திறனும்: சில சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

சிறிய விமான நிலையத் திட்டமிடல் சொற்பட்டியலில் ‘ரன்வே லெங்த்’ என்பதற்கு ‘ஓடுபாதை நீளம்’ என்று போட்டு முடித்திருக்கிறோம். தார் போட்ட பரப்பைச் சொல்ல அது போதும். ஆனால் ஓடுபாதைக்கு ஒவ்வொரு திசையிலும் நான்கு தூரங்கள் அறிவிக்கப்படலாம்: தரையில் ஓடி எழ ஒன்று, எழுந்து குறித்த உயரத்தை எட்ட ஒன்று, பாதி ஓட்டத்தில் கைவிட்டு நிற்க ஒன்று, இறங்க ஒன்று. விமானி பார்ப்பது இவற்றைத்தான். நான்குக்கும் தனித்தனிச் சொல் இல்லாவிட்டால் நம் பட்டியலை வைத்து ஒரு திட்ட அறிக்கையைக்கூட மொழிபெயர்க்க முடியாது.

என் பரிந்துரை: எழுவோட்டத் தூரம், எழுகைத் தூரம், ஓடிநிற்கும் தூரம், இறங்கு தூரம். நான்கையும் சேர்த்துச் சொல்ல ‘அறிவித்த தூரங்கள்’.

மூன்றாவதற்கு ‘முடுக்க-நிறுத்தத் தூரம்’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். படித்தால் இரண்டு வெவ்வேறு தூரங்கள் போலத் தோன்றுகிறது. நடப்பது என்ன? வேகமெடுத்து ஓடும்போது எஞ்சின் பழுதாகிறது. முடிவெடுக்கும் வேகத்தை (அதைத் தாண்டினால் எழுந்தே ஆக வேண்டும்) இன்னும் எட்டவில்லை. விமானி விசையைக் குறைத்துப் பிரேக் பிடிக்கிறார். ஓடிய தூரமும் நிற்க எடுத்த தூரமும் சேர்ந்ததுதான் கணக்கு. ‘ஓடிநிற்கும்’ என்றால் அந்த வரிசை தானாக வந்துவிடுகிறது.

‘டிஸ்பிளேஸ்டு த்ரெஷோல்ட்’ என்பதற்கு ‘இடம்பெயர்ந்த வாசல்’ வேண்டாம். இடம்பெயர்ந்தோர் என்ற சொல்லுக்கு, குறிப்பாக இலங்கையில், வேறு கனம் இருக்கிறது. ஓடுபாதை முனைக்கு அருகே மரமோ கட்டடமோ இருந்தால் இறங்கும் விமானம் உயரமாக வர வேண்டியிருக்கும். அதனால் இறங்கத் தொடங்கும் கோட்டை உள்ளே நகர்த்துகிறார்கள். முனையிலிருந்து அந்தக் கோடு வரை நடுக்கோட்டில் வெள்ளை அம்புகள் வரைந்திருக்கும். அந்தப் பகுதியில் சக்கரம் பதித்து இறங்கக் கூடாது, ஆனால் அங்கிருந்து ஓடத் தொடங்கலாம். ‘உள்தள்ளிய வாசல்’ பொருந்தும் என்பது என் எண்ணம். முனைக்கு வெளியே மஞ்சள் நிறத்தில் அம்புமுனை போன்ற கூர்வரிகள் இருந்தால் அது வேறு: வழக்கமான ஓட்டத்துக்கோ இறங்கவோ அதைப் பயன்படுத்தக் கூடாது. அப்படிப்பட்ட பகுதி, எழாமல் கைவிட்ட விமானத்தைத் தாங்கும்படி அமைந்திருந்தால் ‘ஸ்டாப்வே’. அதற்கு ‘நிறுத்துநீட்டம்’ எனலாம்.

அப்புறம், ‘டென்சிட்டி ஆல்டிடியூட்’. காற்றின் அடர்த்தியை வைத்துப் பார்த்தால் ஓரிடம் எந்த உயரத்துக்குச் சமம் என்பது அது. காற்று சூடானால் அடர்த்தி குறையும், அந்த உயரம் கூடும். அமெரிக்காவில் கொலராடோவின் லெட்வில் நிலையம் 9,934 அடி உயரத்தில் இருக்கிறது. ஓடுபாதை 6,400 அடி. அந்த உயரத்துக்கான செந்தர வெப்பநிலை ஏறக்குறைய மைனஸ் 5 பாகை செல்சியஸ். கோடையில் 25 பாகை அடித்தால் 30 பாகை கூடுதல். கூடுதலான ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 120 அடி என்று சேர்த்தால், விமானத்தின் இறக்கைக்கும் எஞ்சினுக்கும் அது 13,500 அடி உயரத்துக் காற்று. சின்ன விமானங்கள் பலவற்றுக்கு அங்கே 6,400 அடிகூடத் தாராளமில்லை. இதனால்தான் நீளம் திட்டமிடும்போது நிலையத்தின் உயரத்தோடு, மிக வெப்பமான மாதத்தின் சராசரி உச்ச வெப்பநிலையையும் கேட்கிறார்கள். ‘அடர்த்திசார் உயரம்’ என்று வைத்தால், அதன் இணையான ‘அழுத்தம்சார் உயரம்’ (‘பிரஷர் ஆல்டிடியூட்’) என்பதும் ஒரே அச்சில் அமையும்.

‘கிரிட்டிக்கல் ஏர்கிராஃப்ட்’ என்பதை ‘நெருக்கடி விமானம்’ ஆக்கியது தவறு, மாற்றியே ஆக வேண்டும். அமெரிக்க நடைமுறையில், தொட்டெழல்களைச் சேர்க்காமல் ஆண்டுக்கு 500 முறையாவது (ஏறுவதும் இறங்குவதும் தனித்தனிக் கணக்கு) அங்கே ஏறவோ இறங்கவோ செய்யும் விமானங்களில் அதிகம் தேவைப்படுவது எதுவோ, அதற்கேற்ப நிலையத்தை வடிவமைக்கிறார்கள். ‘அளவுகோல் விமானம்’ என்போம். (தரையைத் தொட்டதும் நிற்காமல் மீண்டும் எழும் ‘டச் அண்ட் கோ’வுக்குத் ‘தொட்டெழல்’ முன்பே ஏற்றுக்கொண்டதுதான்.)

கடைசியாக ‘கெப்பாசிட்டி’. ‘கொள்ளளவு’ அணைக்கும் தொட்டிக்கும் உரியது, உள்ளே தங்கி நிற்பதன் அளவு. இங்கே கேட்பது மணிக்கு எத்தனை விமானம் ஏறியிறங்கலாம் என்பது. துறைமுகச் செய்திகளில் ‘சரக்கு கையாளும் திறன்’ என்று எழுதுகிறார்களே, அதுவே இங்கும் சரி: ‘கையாளும் திறன்’. நீளத்தையும் இதையும் குழப்பக் கூடாது என்பதற்குக் கலிபோர்னியாவின் சான்டா மோனிகா நிலையம் நல்ல உதாரணம். நகராட்சிக்கும் அமெரிக்க மத்திய விமானத் துறைக்கும் இடையிலான உடன்பாட்டின்படி 2017 டிசம்பரில் அங்கே ஓடுபாதையை 4,973 அடியிலிருந்து 3,500 அடியாகக் குறைத்தார்கள். பெரிய ஜெட்கள் வருவது கடினமாயிற்று. சிறிய விமானங்கள் தொடர்ந்து பறக்கின்றன. நீளம் தீர்மானிப்பது யார் வரலாம் என்பதை. எத்தனை பேர் வரலாம் என்பது பெரும்பாலும் இணை ஓட்டப்பாதையை, அதாவது ஓடுபாதைக்குப் பக்கத்தில் விமானங்கள் உருண்டு செல்ல அமைக்கும் தனிப் பாதையைப் பொறுத்தது. அது இல்லாத நிலையத்தில், இறங்கிய விமானம் ஓடுபாதையிலேயே திரும்பி உருண்டு வர வேண்டும். அதுவரை அடுத்தது வானில் காத்திருக்கும். இந்தத் ‘திரும்போட்டம்’ தீராமல், ஓடுபாதையை 1,000 அடி நீட்டினாலும் மணிக்கு ஏறியிறங்கும் எண்ணிக்கை அதிகரிக்காது. நீட்டிய தூரத்தையும் சேர்த்து உருள வேண்டியிருந்தால் குறையவும் செய்யலாம்.

‘கிளியர்வே’ ஒன்றுக்குத்தான் எனக்குச் சரியான சொல் அமையவில்லை. பாதை முனைக்கு அப்பால், தடையேதும் உயராமல் காத்து வைக்கும் வெளி அது. தளம் போட வேண்டியதில்லை, கீழே தண்ணீராகவும் இருக்கலாம். ‘தடையிலி வெளி’ சரியாக இருந்தாலும் வாயில் வரவில்லை. ‘எழுவெளி’ சுருக்கம், ஆனால் முதல் முறை கேட்பவருக்குப் புரியுமா? விமான நிலையத்தில் பணிபுரியும் உறுப்பினர்கள் சொன்னால் பட்டியலில் சேர்த்துவிடலாம்.