வால்வு ஒட்டுதுன்னு நினைக்கிறேன், ஷட்டவுன் வரை எப்படிச் சமாளிக்கிறது?

எல்லாருக்கும் வணக்கம். பேப்பர் மில்லுல இன்ஸ்ட்ருமென்ட் பிரிவுல இருக்கேன். ஒரு நீராவி ஃப்ளோ லூப் (ஓட்டத்தை அளந்து வால்வைத் தானா திருத்துற அமைப்பு) ரெண்டு மாசமா செட்பாயின்ட்டை, அதாவது வெச்ச இலக்கை, சுத்தி ஓயாம ஆடுது. ஆபரேட்டர் அண்ணன்மார் வெறுத்துப்போய் மேனுவல்லயே ஓட்டுறாங்க.

மேனுவல்ல போட்டா ஆட்டம் நின்னுடுது. அதனால வெளித்தொந்தரவு இல்லைன்னு தெரியுது. டியூனிங்கா வால்வான்னு அது சொல்லாது. கன்ட்ரோலர் கெயினை (எரருக்கு எவ்வளவு பலமா பதில் தருதுங்கிற அளவு) குறைச்சா ஆட்டம் மெதுவாச்சே தவிர சாகலை. ட்ரெண்டுல ஃப்ளோ சதுரமா போகுது, கன்ட்ரோலர் அவுட்புட் முக்கோணமா ஏறி இறங்குது. மேனுவல்ல வால்வுக்குப் போற அவுட்புட்டை அரை அரை சதவீதமா கூட்டிப் பார்த்தேன். 2% வரை ஃப்ளோ அசையவே இல்லை, அப்புறம் ஒரே தாவல். போன ஷட்டவுன்ல கசிவுக்காக வால்வு தண்டைச் சுத்தி பேக்கிங்கை அழுத்திப் பிடிக்கிற கிளாண்டை இறுக்கினாங்க, கிராஃபைட் பேக்கிங் வேற. சந்தேகம் அங்கதான்.

அடுத்த ஷட்டவுனுக்கு இன்னும் மூணு மாசம். ஓடுற நீராவி லைன்ல கிளாண்டைத் தளர்த்த எனக்குத் துணிச்சல் இல்லை, யாரும் செய்யச் சொல்லவும் வேண்டாம். இன்டக்ரலை (எரர் சேரச் சேர அவுட்புட்டை நகர்த்துற பகுதி) குறைச்சு, எரருக்குச் சின்ன டெட்பேண்ட் (கன்ட்ரோலர் கண்டுக்காம விடுற இடைவெளி) வெச்சா தாங்குமா? வால்வைச் சொன்ன இடத்துல நிறுத்துற பொசிஷனரோட கெயினைக் கூட்டி யாராவது பலன் பார்த்திருக்கீங்களா?

இன்னொண்ணு. எல்லா லூப்புக்கும் மார்க் போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. 1989-ல வந்த ஹாரிஸ் இன்டெக்ஸ் (லூப்போட ஆட்டத்தை, முடிஞ்ச அளவு குறைஞ்ச ஆட்டத்தோட ஒப்பிடுற அளவு) போடலாம்னா, எங்க ஹிஸ்டோரியன்ல (பழைய டேட்டாவைச் சேமிக்கிற சிஸ்டம்) இருக்கிறது ஒரு நிமிஷ சராசரி மட்டும். ஃப்ளோ லூப்புக்கு எத்தனை செகண்டுக்கு ஒரு டேட்டா எடுக்கிறீங்க? இடம் மிச்சம் பண்ண டேட்டாவைச் சுருக்குற கம்ப்ரஷனை முழுசா நிறுத்திடுவீங்களா?